கயிற்றில் ஏறிய சாப்பாடு

அவனை எல்லாரும் கோபுரம் என்றுதான் கூப்பிட்டார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் என்னவோ சராசரி உயரம்தான். கன்னம் ஒட்டிப்போய், சட்டை யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் தொங்கும். டவர் கிரேன் ஓட்டுகிறவன் என்பதால் வந்த பெயர் அது. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து ஏணியில் ஏறிவிடுவான். சாயங்காலம் எல்லாரும் கைகால் கழுவிக் கிளம்பிய பிறகுதான் இறங்குவான். நடுவில் ஒரு தடவைகூடத் தரையை மிதிக்க மாட்டான். மதியம் சிமென்ட் மூட்டைகளின் நிழலில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தலை மட்டும் தெரியும்.

"துரை மேலே காத்தைக் குடிச்சே வாழுறாரு" என்று கம்பி கட்டுகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நம்மோடு உட்கார்ந்தால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறான், பெரிய மனுஷன் என்பது அந்தக் கட்டட வேலையில் இருந்த அத்தனை பேருடைய முடிவு. ஒரு மனிதனைப் பற்றி இத்தனை பேர் சேர்ந்து ஒரே முடிவுக்கு வந்தால் அதில் முக்கால்வாசி தப்பாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அவனுக்கு இருந்தது கர்வம் இல்லை, வயிறு.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பும். உள்ளே யாரோ துணி பிழிவதுபோல் முறுக்கும். அப்புறம் ஓட வேண்டும், உடனே ஓட வேண்டும். அதற்கடுத்த நாட்களில் ஒன்றுமே நடக்காது, கல்லைப் போல் இருக்கும். ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்கு இப்படி வந்தால், பைலை மூடிவிட்டு நடையைக் கட்டலாம். கிரேன் கூண்டில் கழிப்பறை கிடையாது. இறங்க வேண்டுமென்றால் கொக்கியில் தொங்குகிற சுமையை முதலில் பத்திரமாகக் கீழே வைக்க வேண்டும், அப்புறம் தட்டுத் தட்டாக ஏணி.

ஒருநாள் கான்கிரீட் தொட்டி அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியை இறக்கி வைத்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். பாதி வழி வரைதான் தாங்கியது. அன்றைக்கு ஏணியின் நடுத் தட்டில், இரும்புப் பலகையின் மேல், கீழே எல்லாரும் கிளம்பிப் போகும்வரை உட்கார்ந்திருந்தான். நாற்பதை எட்டிய ஆண்பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுததை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நல்லதாக இருந்திருக்கும்.

டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்தார். "எல்லாம் நார்மல்" என்று பரீட்சையில் பாஸாகிவிட்டவனிடம் சொல்வதுபோல் சொன்னார். புண் இல்லை, கட்டி இல்லை. எரிச்சல் குடல் நோய் என்று பெயர் மட்டும் உண்டு. "உங்க குடல் கொஞ்சம் கோபக்காரக் குடல், அவ்வளவுதான்" என்று சொல்லி உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

உணவு ஆலோசகர் கண்ணாடி போட்ட இளம்பெண். மேஜை மேல் ரப்பரில் செய்த குடல் ஒன்று சுருண்டு கிடந்தது. அதில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே பேசினாள். "சில சாப்பாட்டுல இருக்கிற சர்க்கரை சரியா செரிக்காது சார். அது கீழே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும், தண்ணிய இழுக்கும், காத்தை உண்டாக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். உங்க குடலால அதைத் தாங்க முடியல." கோதுமை, வெங்காயம், பூண்டு, பால், பயறு, ஆப்பிள், தேன் என்று நிறுத்த வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டே போனாள். சோறு, முட்டை, மீன், கேரட், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு மாதிரிச் சிலதை விட்டுவைத்தாள். "இது முதல் கட்டம்தான். சில வாரம் போதும். அப்புறம் வாங்க, ஒண்ணொண்ணா திருப்பிச் சேர்த்துப் பாத்து, உங்களுக்கு எது ஆகாதுன்னு கண்டுபிடிச்சிரலாம்."

அந்தப் பேச்சின் முன்பாதியை அவன் கண்ணும் கருத்துமாகக் கேட்டுக்கொண்டான். பின்பாதி காதில் விழுந்ததோடு சரி.

பத்தியம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே வயிறு வாயை மூடிக்கொண்டது. கூண்டில் உட்கார்ந்தால் வேலை மட்டுமே நினைவில் இருந்தது. இப்படியும் ஒரு வாழ்க்கை உண்டா என்று அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. ஆலோசகரைத் திரும்பப் பார்க்க வேண்டிய நாளில் கான்கிரீட் போடுகிற வேலை வந்தது, போகவில்லை. அது ஒரு சாக்கு. அடங்கிக் கிடக்கிற வயிற்றைச் சீண்டிப் பார்க்க எந்தப் புத்திசாலிக்கு மனசு வரும்? அப்படியே விட்டுவிட்டான். சில வாரத்துக்கென்று போட்ட பத்தியம் வருஷக்கணக்கில் நீண்டது.

அதற்குப் பிறகு அவன் யார் வீட்டிலும் கை நனைக்கவில்லை. கல்யாணப் பந்தி என்றால் மொய் எழுதிவிட்டு முகத்தைக் காட்டிவிட்டு நழுவுவான். அவனுக்கே கல்யாணம் ஆகாமல் போனதற்கு வயிறு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கும் அதில் பங்கு உண்டு. தூரத்தில் இருக்கும் தங்கை போனில் "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டால் "சாப்பிட்டாச்சு" என்று மட்டும் சொல்வான். வாடகை அறையில் ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு தட்டு. தினமும் அதே சோறு, அதே கேரட், அதே முட்டை. வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையலுக்கு உப்பு ஒன்றுதான் துணை, அதில் மட்டும் அவன் கெட்டிக்காரனாகிவிட்டான். கொதிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் கூடவா குறையவா என்று சொல்லிவிடுவான். சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன டப்பா உப்பு எப்போதும் இருக்கும்.

இப்படிப்பட்டவனுக்கும் உலகத்தில் ஒரே ஒரு ஆள் உண்டு. அந்த ஆளுக்குப் பெயர் கைகாட்டி. கீழே நின்று வாக்கி-டாக்கியில் கிரேனுக்கு வழி சொல்கிறவர், அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். "கொஞ்சம் இடது... இன்னும்... மெதுவா தம்பி... போதும்." கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இறங்கும் சுமை அவன் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் இறக்குவான். வேலை இல்லாத இடைவெளியில் இருவரும் மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, மேஸ்திரியின் புதுத் தொப்பியைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். அவரை அவன் அண்ணே என்பான்.

கூண்டிலிருந்து ஒரு நீளக் கயிறு தொங்கும், அதன் நுனியில் ஒரு பை. மத்தியானம் கைகாட்டி அதில் பால் கலக்காத டீ பிளாஸ்க்கை வைத்து இரண்டு தரம் இழுப்பார், அவன் மேலே தூக்கிக்கொள்வான். ஒரு வெள்ளிக்கிழமை பையில் பிளாஸ்க்கோடு ஒரு டப்பாவும் வந்தது.

"வீட்ல உங்களுக்குன்னு செஞ்சு குடுத்திருக்கா தம்பி. தனியா இருக்கிற ஆளுன்னு சொல்லியிருந்தேன்."

மூடியைத் திறந்தான். பயறும் நிறைய வெங்காயமும் போட்டுக் கிளறிய சோறு. வெங்காயம் காகிதம் மாதிரி மெல்லிசாக நறுக்கிப் பொன்னிறத்துக்கு வதங்கியிருந்தது. அந்த வாசத்தில் அவனுக்கு நாக்கில் நீர் ஊறியது. ஆகாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் ஆகாது என்று கேட்பாரே? அந்த வாக்கி-டாக்கியில் பேசுவது மேஸ்திரி, இன்ஜினியர், கம்பி கட்டுகிறவர்கள் எல்லார் காதிலும் விழும். என் குடல் இப்படி என்று ஊருக்கே ஒலிபரப்ப முடியுமா? கூண்டுக்கு வெளியே இரும்பு நடைபாதையில் புறாக்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு பருக்கை விடாமல் அவற்றுக்கு வைத்துவிட்டு, டப்பாவைக் கழுவிப் பையில் போட்டான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே. அண்ணிகிட்ட சொல்லிருங்க."

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான். நல்லா இருக்கிறது என்று சொன்ன வாய்க்கு யார்தான் அனுப்பாமல் இருப்பார்கள்? அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் டப்பா ஏறியது. அந்த வட்டாரத்தில் அவ்வளவு கொழுத்த புறாக்களை வேறெங்கும் பார்க்க முடியாது. அவனும் சளைக்காமல் பாராட்டினான். "இன்னைக்குப் பயறு பூ மாதிரி வெந்திருக்கு", "அண்ணி கைமணமே தனி." பொய்தான். ஆனால் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தது பொய்யில்லை. மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய் வாசம் பிடிப்பான். ஒரு வீட்டில் ஒரு மனுஷி தன்னை நினைத்து அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள் என்ற எண்ணமே அவனுக்கு வாரம் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

நடுவில் ஒரு காலத்தில் வெங்காயம் தடித்தடியாக நறுக்கி வர ஆரம்பித்தது. அண்ணியின் கத்தி மொக்கையாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டான். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் கைகாட்டி சில நாள் வேலைக்கு வரவில்லை. அவருக்குப் பதில் வந்தவன் இடது, வலது தவிர வேறு பேசாத ஆள். அண்ணன் எங்கே என்று கேட்டதற்கு "லீவு" என்றான். திரும்பி வந்தபோது கைகாட்டியின் தொண்டை கட்டியிருந்தது. சளி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை டப்பா வந்தது. இவனும் வழக்கம்போல் புறாக்களைக் கவனித்துவிட்டு, "அதே ருசிண்ணே, மாறவே இல்ல. அண்ணிகிட்ட சொல்லிருங்க" என்றான்.

கீழே கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி தம்பி. சொல்றேன்."

அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போனது. வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அப்படியே நடந்தன.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. இந்தத் தடவை டாக்டர் முகத்தைச் சுளித்தார். எடை குறைந்துகொண்டே வருகிறது, ரத்தம் போதவில்லை, இப்படியே போனால் மேலே ஏற்ற முடியாது என்றார். அந்தக் கூண்டைவிட்டால் அவனுக்குப் போக்கிடம் ஏது? பழைய உணவு ஆலோசகரிடமே போய் நின்றான். ரப்பர் குடல் வெளுத்திருந்தது. அவள் அவனுடைய பத்தியத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"இன்னும் முதல் கட்டத்துலயேவா இருக்கீங்க? அது சில வாரத்துக்குன்னு சொன்னேனே சார். யாரும் அதுலயே குடியிருக்கக் கூடாது. உடம்பு வத்திப்போயிரும், மனசும்தான்."

"நல்லா இருந்துச்சு மேடம். அதான் விட்டுட்டேன்."

"நல்லாவா இருந்தீங்க?" என்றாள்.

இந்தத் தடவை பின்பாதியையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டான். ஒரு சமயத்தில் ஒரே பொருள். முதல் நாள் கொஞ்சம், மறுநாள் கூட, அதற்கு மறுநாள் இன்னும் கூட. மற்றச் சாப்பாட்டில் எதையும் மாற்றக் கூடாது. வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, சில நாள் ஓய்வு விட்டு, அடுத்த பொருள். விடுமுறை நாளில் முதல் பிரெட் துண்டைத் தட்டில் வைத்து, வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். கடித்தான். கழிப்பறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. மறுநாள் இரண்டு துண்டு, அதற்கும் ஒன்றும் வரவில்லை. அவனுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேன் என்று அந்தத் தட்டைப் பார்த்துக் கேட்டான்.

தயிருக்கு வயிறு தலையாட்டியது. பயறு கொஞ்சமாகச் சாப்பிட்டால் சரி என்றது. பூண்டு கொஞ்சம் முணுமுணுத்தது. வெங்காயம் மட்டும் வேலையைக் காட்டிவிட்டது, அன்று முழுக்கச் சுருண்டு கிடந்தான். "வெங்காயத்தோட பச்சைத் தாள் மட்டும் போட்டுக்குங்க, அது ஒண்ணும் பண்ணாது" என்றாள் ஆலோசகர். ஆக, மொத்த உலகத்திலும் அவனுக்கு உண்மையில் ஆகாமல் இருந்தது வெங்காயம். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும், எல்லாரையும் விலக்கி வைத்திருந்தான்.

அடுத்த நாள் மதியம் கிரேனை நிறுத்திவிட்டு ஏணியில் இறங்கினான். சிமென்ட் மூட்டை நிழலில் பேச்சு நின்றுபோனது. கலவை போடுகிற அக்கா கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன, கோபுரம் கீழே வந்திருச்சு? கிரேன் ரிப்பேரா?"

"பசிக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுக் கைகாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். பக்கத்தில் பார்த்தால் ரொம்பவே தளர்ந்திருந்தார். பிரெட்டை எல்லார் முன்னாலும் சாப்பிட்டான். பெரிய சாதனை செய்த சந்தோஷம் அவனுக்கு. அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா? இத்தனை வருஷமா அனுப்புறாங்க. அண்ணியை நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்."

கம்பி கட்டுகிறவன் ஒருவன் இருமினான். கைகாட்டி தன் டப்பாவை மூடினார். "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

கலவைக்கார அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? அவங்க போய்ச் சேந்து ரெண்டு மழை ஆச்சு. சாயங்காலம் வேலை முடிஞ்ச கையோட இங்க இருந்து எல்லாரும் போனோம். நீங்க மட்டும்தான் வரல. பெரிய ஆளு, இதுக்கெல்லாம் எங்க வருவார்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

"யாரும் சொல்லல."

"இங்க சாப்பிடும்போது பேசினதுதான். தனியா யாரு மேலே ஏறி வந்து சொல்வாங்க?" என்றாள் அவள். அதில் குத்தல் எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னாள்.

திரும்ப ஏறினான். கூண்டில் உட்கார்ந்த பிறகும் கை கம்பியை விடவில்லை. அதே ருசி, மாறவே இல்லை, அண்ணிகிட்ட சொல்லிருங்க. மனைவியை இழந்த மனிதரிடம் வாரா வாரம் அதைச் சொல்லியிருக்கிறான். அவரும் வாரா வாரம் சரி, சொல்கிறேன் என்றிருக்கிறார். வெட்கத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்வதில் அவ்வளவு கவனமாக இருந்தவன், ஒரு சாவைத் தவறவிட்டுவிட்டான். கீழிருந்து குரல் "கொஞ்சம் இடது தம்பி" என்றது. எப்போதும் போல்தான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை போனான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. துணி காயும் கொடி, ஒரே ஒரு ஜோடி செருப்பு. மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டானாம். சமையலறையில் எல்லாச் சாமானும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கைகாட்டி இரண்டு தட்டை எடுத்து வைத்தார்.

"சொல்லியிருக்கணும் தம்பி, தப்புதான். அவ போனப்புறம் வந்த முதல் வெள்ளிக்கிழமை அடுப்பைப் பத்தவைக்கவே மனசு வரல. அவ படுத்ததுல இருந்தே நான்தான் செஞ்சேன், ஆனா அப்போ அவ சொல்லச் சொல்லச் செஞ்சது. அவ இல்லாம அதான் முதல் தடவை. மகன் ஒரு வாய் வச்சுட்டு, அம்மா செஞ்ச மாதிரி இல்லப்பான்னு எழுந்திரிச்சுப் போயிட்டான். நீங்களும் கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்துகிட்டேதான் பையில வச்சேன். நீங்க அதே ருசின்னு சொன்னீங்க." சோற்றைப் போட்டார். "அவ இருந்தப்போ வெள்ளிக்கிழமையானா கேப்பா, மேலே இருக்கிற தம்பி என்ன சொன்னார்னு. அவ போனப்புறமும் நீங்க அண்ணிகிட்ட சொல்லுங்கன்னு சொன்னா, வந்து சொல்லுவேன். இந்த அடுப்புகிட்ட நின்னு சொல்லுவேன். அந்த ஒரு வார்த்தையிலதான் ஓடிட்டிருக்கேன்."

தட்டு அவன் முன்னால் இருந்தது. பயறு, சோறு, தடித்தடியான வெங்காயம். வரும்போது ஒரு முடிவோடுதான் வந்திருந்தான். வெங்காயமாக இருந்தாலும் சாப்பிட்டுவிடுவது, அப்புறம் கிடந்து துடித்தாலும் பரவாயில்லை.

"சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க. அவ செஞ்ச மாதிரியே இருக்கா?"

அவள் செய்தது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதே. கவளத்தை எடுத்த கையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"அண்ணே, நான் சாப்பிட்டதே இல்ல."

"என்ன?"

"ஒரு தடவைகூட. எனக்குக் குடல்ல ஒரு கோளாறு. வெங்காயம் ஆகாது. அப்போ எதுவுமே ஆகாதுன்னு நெனச்சேன். வாக்கி-டாக்கியில சொல்ல வெக்கமா இருந்துச்சு." எல்லாவற்றையும் சொன்னான். பத்தியம், நடுத் தட்டில் உட்கார்ந்திருந்த நாள், பச்சைத் தாள் மட்டும் ஒத்துக்கொள்வது, பயறு கொஞ்சம் சாப்பிடலாம் என்பது, கேட்டதும் கேட்காததும். யாரிடமும் சொல்லாத விஷயம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

கைகாட்டி கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ டப்பாவுல இருந்தது?"

"புறாவுக்கு வச்சேன்."

"அப்போ நல்லா இருக்குன்னு சொன்னது புறாவா?"

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் அவன் முன்னால் இருந்த தட்டை மெதுவாக இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "வேண்டாம். உங்க வயித்துக்கு ஆகாது" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார், அது அவருடைய மரியாதை.

அதற்கப்புறம் வாக்கி-டாக்கியில் இடது, வலது, மேலே, கீழே, போதும். தம்பி என்ற சொல் போய்விட்டது. பையில் டீ மட்டும் ஏறியது. வேடிக்கையைப் பாருங்கள், இப்போதுதான் அவன் தினமும் கீழே இறங்கிச் சாப்பிட்டான். கம்பி கட்டுகிறவர்கள் கேலி பேசினார்கள், அக்கா தயிர் கொடுத்தாள், எடைகூடக் கொஞ்சம் ஏறியது. கைகாட்டி மட்டும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு லாரியின் அந்தப் பக்கம் போய்விடுவார். அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்தும் அவனுக்குக் கூண்டில் இருந்த காலமே தேவலை என்று இருந்தது. அங்கே அந்தக் குரலாவது இருந்தது.

பல வாரம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் இறங்கத் தயாராகும்போது கயிறு இரண்டு தரம் இழுபட்டது. தூக்கினான். பை கனத்தது. பிளாஸ்க்கோடு அந்தப் பழைய டப்பா. மூடியைத் திறந்தான். பயறு கொஞ்சம்தான், சோறு நிறைய. வெங்காயமே இல்லை, பச்சைத் தாள் மட்டும் கோணல்மாணலாக நறுக்கித் தூவியிருந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"நீங்களே சாப்பிடுங்க. உப்பு பாத்துச் சொல்லுங்க."

நடைபாதையில் புறாக்கள் வந்து கூடிவிட்டன. கதவைச் சாத்தினான். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றான். இத்தனை வருஷத்தில் முதல் கவளம். பயறு நன்றாக வெந்திருந்தது. உப்பு மட்டும் மருந்துக்குக்கூட இல்லை. ரொம்ப நல்லா இருக்குண்ணே என்ற பழைய வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதைச் சோற்றோடு விழுங்கினான்.

"உப்பே இல்லண்ணே."

எல்லார் காதிலும் விழுந்திருக்கும், விழட்டும். அவன் காத்திருந்தான்.

"இருக்காது" என்றது குரல் கடைசியில். "அவளுக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் நிறுத்தினப்புறம்தான் நான் அடுப்புப் பக்கமே போனேன். படுத்த இடத்துல இருந்தே எல்லாம் சொல்லிக் குடுத்தா. உப்பு மட்டும் சொல்லல. அவளுக்கு இல்லாதது எனக்கு எதுக்குன்னு நானும் விட்டுட்டேன், நாக்கு பழகிப்போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "எவ்வளவு போடணும் தம்பி?"

தம்பி என்றதும் அவன் வாக்கி-டாக்கியை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"எத்தனை பேருக்குச் செய்றீங்க, அதைச் சொல்லுங்க."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. வாக்கி-டாக்கி வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியே கீழே பார்த்தான். லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் வெளியே வந்து, தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேருக்கு" என்றார்.

"இருங்க, நான் வரேன்."

டப்பாவை மூடிச் சாப்பாட்டுப் பையில் வைத்துத் தோளில் மாட்டினான். பையிலிருந்த உப்பு டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். நடுத் தட்டு வந்தது, அங்கே அவன் நிற்கவில்லை.